துண்டுத் துணியில் பை தைக்கும் குழுவைத் தொடங்குபவர்களுக்கு: துணி, ஆவணங்கள், செலவு, காலம்

அவிநாசிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் 2022 ஆம் ஆண்டு பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து, பனியன் கம்பெனிகளும் தையல் கடைகளும் கழித்துப் போடும் துணியில் பை, கால்மிதி, பென்சில் உறை போன்றவற்றைத் தைத்து விற்கத் தொடங்கினோம். முதல் ஐந்து மாதங்களில் 40 கிலோ துணியைப் பயன்படாத பைகளாக மாற்றினோம், இலவசமாகக் கிடைக்கும் பதிவு ஒன்றுக்கு 1,500 ரூபாய் கொடுத்தோம், யார் எவ்வளவு நேரம் உழைத்தார் என்று நாங்கள் கணக்கு எழுதாததால் ஒரு நல்ல உறுப்பினரை இழந்தோம். இவற்றில் எதுவும் தவிர்க்க முடியாதது அன்று. எங்களுக்கு முன்னால் யாரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால் ஐந்து மாத வேலையை ஆறு வாரத்தில் முடித்திருப்போம் என்பதால் இதை எழுதுகிறேன்.

பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட குழுவை மனத்தில் வைத்து எழுதியுள்ளேன். தனியாகத் தைப்பவர்களுக்கு 1, 2, 5 ஆகிய படிகள் மட்டும் போதும்.

1. ஆட்களைச் சேர்ப்பதற்கு முன் துணியைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கழிவுத் துணி என்று பொதுவாகச் சொன்னாலும், அது குறைந்தது மூன்று வகைப்படும். திருப்பூரில் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைப்பது பின்னல் துணி, அதாவது பனியன் துணி. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளிலிருந்தும் தையல் கடைகளிலிருந்தும் வருவது நெய்த துணி. மூன்றாவது, வீடுகளிலிருந்து வரும் பழைய சேலை, வேட்டி, ஜீன்ஸ் முதலியவை. இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்தால் பிறகு பிரிப்பதற்கே ஒரு நாள் போய்விடும்.

பின்னல் துணியில் பை தைக்காதீர்கள். எங்கள் முதல் 40 கிலோவும் பின்னல் துணிதான். தைத்த அன்று பைகள் அழகாகவே இருந்தன. மளிகைக் கடைக்காரர் ஒருவர் இரண்டு கிலோ வெங்காயமும் ஒரு தேங்காயும் போட்டுத் தூக்கிக் காட்டியபோது, பை முழங்காலைத் தொடும் அளவுக்கு இழுபட்டு, உள்ளே இருந்த தேங்காய் காலில் இடித்துக்கொண்டு வந்தது. பின்னல் துணி இழுபடுவதற்கென்றே செய்யப்பட்டது; அதைக் கீற்றுகளாக வெட்டிச் சடைபோல் பின்னிக் கால்மிதியாகவோ, பானைப் பிடிதுணியாகவோ, தலையணைத் திணிப்பாகவோ பயன்படுத்தலாம். பைக்கு நெய்த துணியே வேண்டும்.

பருத்தியா, பாலியஸ்டரா என்று தெரியாவிட்டால் இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து, விரலால் தேய்த்தால் மாவாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் நசுங்காத சிறு கறுப்பு மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் கலந்து தெரியும். இதை வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துணி மூட்டைகள் இல்லாத வாசலில் செய்ய வேண்டும். பாலியஸ்டருக்கு இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைக்காவிட்டால் துணி பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகவே இவ்வளவும்.

தொடவே வேண்டாதவை சிலவும் உண்டு. மருத்துவமனைத் துணியும், பூச்சிமருந்துச் சாக்கும் எவ்வளவு துவைத்தாலும் வேண்டாம். துணிப்பை போலவே தோன்றும் நான்-ஓவன் பைகளைப் பிரித்துத் தைக்கலாம் என்று எங்களுக்கும் ஓர் ஆசை வந்தது. அவை நெய்யப்பட்டவை அல்ல, பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தடைப் பட்டியலில் இருப்பவை. ஃபிளக்ஸ் பேனரும் பிளாஸ்டிக் பூச்சுக் கொண்டது. அதை வண்டி உறையாகவோ, விறகு மூடும் பாயாகவோ தைத்துக்கொள்ளலாம், கடைக்குப் போகும் பையாகத் தைத்து விற்கப் போய் அபராதத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மிச்சமான ஃபிளக்ஸை எரிக்கவும் கூடாது. அதில் உள்ள பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நச்சுப்புகை.

2. துணியை எங்கே, எந்தத் தாளுடன் வாங்குவது

மூன்று இடங்களில் கிடைக்கும். முதலாவது, உள்ளூர்த் தையல் கடைகள். இவர்கள் பணம் கேட்பதில்லை, ஆனால் ஒழுங்காக வந்து எடுத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஒரு கடைக்கு ஒரு பெரிய சாக்கு கொடுத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் நிறைந்த சாக்கை எடுத்துக்கொண்டு வெறுஞ்சாக்கை வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரம் போகாமல் விட்டால் மூன்றாவது வாரம் அது குப்பை வண்டியில் ஏறியிருக்கும். இரண்டாவது, கழிவுத் துணி வியாபாரிகளின் கிடங்குகள். இங்கே எடைக்குத்தான் விற்பார்கள். வெள்ளைத் துணியை இயந்திரம் துடைப்பதற்கு வாங்குபவர்கள் இருப்பதால் அதன் விலை கூடுதலாகவும், கலர்த் துணியின் விலை குறைவாகவும் இருக்கும். பைக்கு நமக்கு வெள்ளை தேவையில்லை என்பதால் கலரையே கேளுங்கள். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் எடை போடவிடாதீர்கள். மேலே நல்ல துண்டும் நடுவே ஈரக் கழிவும் இருந்த மூட்டையை ஒருமுறை வாங்கி வந்திருக்கிறோம்.

மூன்றாவது, கம்பெனியிலிருந்தே நேரடியாக வாங்குவது. இதற்குக் குழுவின் பெயரில் ஒரு கோரிக்கைக் கடிதம், பொறுப்பாளர்கள் இருவரின் ஆதார் நகல், துணியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்ற ஒரு பத்தி ஆகியவற்றைக் கொடுங்கள். துணியை வெளியே எடுக்கும்போது கேட் பாஸையும், எடை குறித்த டெலிவரி சலானையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாகவே தந்தாலும் சலான் வேண்டும். வழியில் யாரேனும் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கும், பின்னால் ஒரு கிலோவில் எத்தனை பை வந்தது என்று கணக்குப் பார்ப்பதற்கும் அது ஒன்றே ஆதாரம்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. ஏற்றுமதிக்காக அச்சிட்டு, நிறம் தவறியதால் கழிக்கப்பட்ட துணியில் பெரிய நிறுவனங்களின் முத்திரையோ, கார்ட்டூன் உருவமோ இருக்கும். குழந்தைகளுக்கான பை தைக்க இதைவிட நல்ல துணி இல்லை என்று தோன்றும். அந்த முத்திரை வேறொருவருடைய உடைமை. அதைத் தெரியும்படி தைத்து விற்றால் நமக்கும் சிக்கல், துணி தந்த கம்பெனிக்கும் சிக்கல். முத்திரை உள்ள பகுதியை வெட்டி எடுத்துத் திணிப்புக்குப் போட்டுவிடுவோம் என்று எழுதிக் கொடுங்கள், எழுதியபடியே செய்யுங்கள். இந்த ஒரு கடிதத்தைப் பார்த்த பிறகே ஒரு கம்பெனி மேலாளர் எங்களுக்கு மாதாமாதம் துணி தரச் சம்மதித்தார்.

3. வேலையைப் பங்கிடுங்கள், ஒவ்வொருவரின் நேரத்தையும் எழுதுங்கள்

தைக்கத் தெரிந்தவர்களை மட்டும் சேர்க்க நினைக்காதீர்கள். பன்னிரண்டு பேரில் நான்கு பேருக்குத் தையல் தெரிந்தால் போதும். துணி எடுத்து வர இருவர், பிரித்துத் துவைத்து இஸ்திரி போட மூவர், வெட்ட ஒருவர், பிசிறு நூல் நறுக்கிச் சோதிக்க ஒருவர், கணக்கும் விற்பனையும் பார்க்க ஒருவர் என்று வைத்துக்கொண்டால் வேலை தடையின்றி ஓடும். வெட்டுபவரை மட்டும் மாற்றாதீர்கள். கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு இருக்கும் மதிப்பு இங்கும் இருக்க வேண்டும். கோணலாக வெட்டிய துணியை எந்தத் தையலாலும் நேராக்க முடியாது.

எங்கள் குழு ஏறக்குறைய உடைந்ததற்குக் காரணம் கூலி முறை. தொடக்கத்தில் தைத்த பை ஒன்றுக்கு இவ்வளவு என்று தையல்காரர்களுக்கு மட்டும் பீஸ் ரேட் வைத்தோம். மீதம் இருப்பதைப் பிறகு மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினோம். மீதம் என்று ஒன்று வரவே இல்லை. மூன்று மாதம் மூட்டை மூட்டையாகத் துணி பிரித்தவர் கையில் 400 ரூபாய் மட்டுமே சேர்ந்தது. அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து, "நானுந்தானுங்க வெடிய வெடியப் பிரிச்சேன், அதெல்லாம் வேலையில்லீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுநாளிலிருந்து வரவில்லை. அவர் கேட்டதில் தவறில்லை. துணி இலவசமாகக் கிடைப்பதால் செலவே இல்லை என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. உண்மையில் கழிவுப் பொருளில் செய்யும் வேலையின் செலவு முழுவதும் மனித நேரத்தில்தான் இருக்கிறது, அதிலும் பாதி தையல் இயந்திரத்துக்கு வருவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது.

ஆகவே ஒரு நீள நோட்டு வாங்கி, தேதி, பெயர், வேலை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், கையொப்பம் என்று ஆறு கட்டம் போடுங்கள். முதல் மூன்று மாதங்களுக்கு எல்லா வேலைக்கும் ஒரே மணிக்கூலி வையுங்கள். அதற்குப் பின், எந்த வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது நோட்டிலிருந்தே தெரிந்துவிடும். அப்போது பீஸ் ரேட்டுக்கு மாறுவதானால் பிரிப்பதற்கும் துவைப்பதற்கும் சேர்த்தே ரேட் போடலாம். விற்ற பணம் வந்த பிறகே கூலி என்பதையும், வந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு ஊசி, நூல், பழுதுபார்ப்புக்கு என்பதையும் முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

4. மாதிரி நாள் ஒன்று வையுங்கள்

என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டே இருந்தால் குரல் உயர்ந்தவர் சொல்வதுதான் முடிவாகும். அதற்குப் பதிலாக, ஒரே மூட்டையிலிருந்து ஆளுக்கு ஒரு கிலோ எடைபோட்டுக் கொடுத்து, ஒரு வாரத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி செய்து வரச் சொல்லுங்கள். தைக்கத் தெரியாதவர் வரைந்து கொண்டுவந்து வேறொருவரைத் தைக்கச் சொல்லலாம். மாதிரிகளில் பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சோதனை செய்யுங்கள். பையாக இருந்தால் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஆணியில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். பிறகு வெள்ளைத் துணியோடு சேர்த்து ஒருமுறை துவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். கடைசியாக, அதைச் செய்ய எத்தனை நிமிடம் ஆனது என்று கேட்டு எழுதுங்கள். மூன்றிலும் தேறியவற்றில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே சமயத்தில் எட்டு வகைப் பொருள் செய்யத் தொடங்கிய குழுக்கள் எதையும் சரியாகச் செய்வதில்லை என்பது நான் பார்த்தவரை உண்மை.

எங்கள் மாதிரி நாளில் பதினொரு பைகளில் ஏழின் காது, அதாவது கைப்பிடி, விடிவதற்குள் பிய்ந்துவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய உறுப்பினர் ஒருவரின் பை மட்டும் காது சிறிதும் இழுபடாமல் ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இளம் வயதில் தறி ஓட்டியவர். காதுக்கென்று தனியாகத் துணி வெட்டாமல், நெய்த துணியின் ஓரக்கரையை ஒன்றரை அங்குலம் விட்டுக் கிழித்து, இரட்டையாக மடித்துத் தைத்திருந்தார். "ஏனுங்க அம்மிணி, கரை இருக்கையில எதுக்கு நடுத்துணிய மடிக்கறீங்க? கரைக்குப் பிசிறும் வராது, இழுக்கவும் இழுக்காது" என்றார். நெய்யும்போது குறுக்கே ஓடும் ஊடைநூல் திரும்பும் இடம் கரை; நெடுக்கே ஓடும் பாவுநூலும் அங்கே நெருக்கமாக இருக்கும். வெட்டியவர்கள் குப்பை என்று முதலில் கழிப்பதும் அதைத்தான். அன்றிலிருந்து எங்கள் பைகளுக்கெல்லாம் கரைதான் காது. காதின் முனையைப் பையின் வாய்மடிப்புக்குள் இரண்டு அங்குலம் செருகி, சதுரமாக ஓட்டி, நடுவே பெருக்கல் குறி போல் குறுக்காகவும் ஒரு தையல் போடுகிறோம். இதற்குக் கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

5. விலையைப் போடுங்கள், பிறகு மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்

கீழே உள்ளவை எங்கள் நோட்டிலிருந்து எடுத்த நேரக் கணக்கு. உங்கள் ஊர்க் கூலிக்கும் துணி விலைக்கும் ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். சிறு துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்பைக்கு, ஒரு கிலோ துணியில் எட்டுப் பை வரும். பிரிக்க 20 நிமிடம், துவைத்து இஸ்திரி போட 25, அமைத்து வெட்ட 60, இணைத்துத் தைக்க 160, காது வைத்து முடிக்க 40, சோதித்துக் கட்ட 15 என்று மொத்தம் 320 நிமிடம் ஆகிறது. மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் 320 ரூபாய். துணிக்கு 40 ரூபாயும், நூல், ஊசி, மின்சாரத்துக்கு 24 ரூபாயும் சேர்த்தால் 384 ரூபாய். எட்டால் வகுத்தால் ஒரு பையின் அடக்க விலை 48 ரூபாய்.

நாங்கள் இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்பே அதே பையை ஒரு கடைக்கு 25 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டிருந்தோம். 200 பைகள். ஒவ்வொரு பையிலும் 23 ரூபாய் எங்கள் உழைப்பிலிருந்து போயிற்று.

புதுத் துணியில் மொத்தமாகத் தைத்து வரும் சாதாரண மஞ்சப்பையின் விலையோடு ஒட்டுப்பை எந்நாளும் போட்டியிட முடியாது. ஆகையால் துணியைப் பிரிக்கும்போதே இரண்டாகப் பிரியுங்கள். பையின் ஒரு பக்கம் முழுவதையும் மூடும் அளவுக்கான பெரிய துண்டுகள் ஒரு பக்கம். உள்ளங்கை அளவுத் துண்டுகள் மறு பக்கம். பெரிய துண்டுக்குக் கிலோ 100 ரூபாய் கொடுத்தாலும் கிலோவுக்குப் பதினான்கு பை வருவதால் துணிச் செலவு ஏறக்குறைய 7 ரூபாய். வேலை 12 நிமிடம்தான், அதாவது 12 ரூபாய். நூலுக்கு 3 ரூபாய். ஆக 22 ரூபாயில் முடிந்துவிடும். கடைகளுக்கு இதைக் கொடுங்கள். சிறு துண்டில் தைக்கும் ஒட்டுப்பையைப் பரிசுப் பொருளாக, 90 ரூபாய்க்குக் குறையாமல், கண்காட்சிகளிலும் கல்லூரிச் சந்தைகளிலும் மட்டும் விற்றுப் பாருங்கள். அங்கே வருபவர்கள் இரண்டு பை ஒன்றுபோல் இல்லை என்பதற்காகவே வாங்குகிறார்கள்.

பின்னல் துணிக் கால்மிதியின் கதை வேறு. 16 அங்குலத்துக்கு 24 அங்குலம் அளவுள்ள ஒரு மிதியைக் கீற்று வெட்டி, சடை பின்னி, சேர்த்துத் தைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 150 ரூபாய்க்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. ஆனால் வீட்டிலிருந்தபடியே, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பின்னலாம் என்பதால், குழுவின் அறைக்கு வர முடியாத உறுப்பினர்களுக்கு ஏற்ற வேலை.

6. ஆவணங்கள்: எது உடனே, எது பிறகு

முதல் மாதத்தில் தேவைப்படுபவை மூன்றுதான்: தீர்மான நோட்டு, வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம். ஏற்கெனவே உங்கள் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு இருந்தால், புதிதாகத் தொடங்காமல் அதிலேயே இந்தத் தொழிலையும் சேர்த்துக்கொள்வது நல்லது. வங்கிக் கணக்கும் பழக்கமும் முன்பே இருக்கும். புதிய குழுவானால் ஆட்சியர் வளாகத்தில் இருக்கும் மகளிர் திட்ட அலுவலகத்தையோ, உங்கள் ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பையோ அணுகுங்கள்.

வங்கிக் கணக்குக்குக் குழுவின் தீர்மான நகல், பொறுப்பாளர்களின் ஆதார், பான் நகல்கள், புகைப்படங்கள், ரப்பர் ஸ்டாம்ப் ஆகியவை வேண்டும். பன்னிரண்டு பேரின் தாள்களையும் கொண்டுவரச் சொல்லி ஒரு வங்கிக் கிளையில் எங்களை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். சுய உதவிக் குழுவின் சேமிப்புக் கணக்கைத் திறக்கப் பொறுப்பாளர்களின் அடையாளச் சான்று போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லா உறுப்பினர்களின் சான்றும் கடன் வாங்கும் கட்டத்தில்தான் கேட்கப்படலாம். மேலாளரிடம் பணிவாக இதை எடுத்துச் சொல்லுங்கள். கையொப்ப அதிகாரத்தை மூவரில் எவரேனும் இருவர் என்று வையுங்கள். ஒருவர் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டால் பணம் முடங்காது. எங்களுக்குக் கணக்கு கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று.

குழுவின் பெயரில் பான் அட்டைக்கு நாங்கள் கட்டியது 107 ரூபாய். விண்ணப்பத்தில் குழுவின் பெயரை எழுதும்போது தீர்மானத்தில் உள்ள எழுத்தும் வங்கிக் கணக்கில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறியதால் எங்கள் முதல் விண்ணப்பம் வீணானது.

அடுத்தது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இது முழுக்க முழுக்க இலவசம். இணையத்தில் அரசின் தளத்தில் பொறுப்பாளரின் ஆதார் எண்ணும் குழுவின் பான் எண்ணும் கொடுத்தால் அன்றைக்கே சான்றிதழ் வந்துவிடும். புதுப்பிக்கவும் தேவையில்லை. ஆதாரோடு இணைந்த கைபேசியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்களும், "நான் எடுத்துத் தருகிறேன்" என்று வரும் தரகர்களும் இருக்கிறார்கள். எங்கள் 1,500 ரூபாய் போனது அப்படித்தான். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள்.

இந்தச் சான்றிதழுக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. சரக்கை வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தர வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டுக் கொடுத்தால், இழுத்தடிக்கும் கடைக்காரருக்கும் அது நினைவில் இருக்கும்.

ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றித் தொடக்கத்திலேயே பயப்பட வேண்டாம். மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு விற்பதானால் கணக்கு மாறும்; கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகளும் உண்டு, அப்போது வரி ஆலோசகர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு இல்லாத நிலையில் பில்லில் வரி என்று எதையும் சேர்த்து வாங்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். வரிசை எண் அச்சிட்ட சாதாரண பில் புத்தகம் ஒன்று போதும்.

கடன் வேண்டுமானால் ஆறு மாதம் ஒழுங்காகக் கூட்டம் நடத்திச் சேமித்து, உறுப்பினர்களுக்குள்ளேயே உள்கடன் கொடுத்து வாங்கிய பதிவுகளைக் காட்ட வேண்டியிருக்கும். சுய உதவிக் குழுக் கடனுக்கு 10 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது. இருந்தாலும் முதல் ஆறு மாதம் கடன் வாங்காமலே ஓட்டிப் பாருங்கள் என்பது என் கருத்து.

7. இயந்திரமும் அறையும்

வீட்டில் இருக்கும் சாதாரணத் தையல் இயந்திரத்திலேயே தொடங்குங்கள். மோட்டார் பொருத்தினால் போதும். துணிப்பையின் வாய்மடிப்பு நான்கு அடுக்காக வரும் இடத்தில் மெல்லிய ஊசி முறியும் என்பதால் 16 எண் ஊசியும், ஜீன்ஸ் துணிக்கு 18 எண் ஊசியும் வாங்கி வையுங்கள். ஆர்டர் நிலையாக வந்த பிறகு, பனியன் கம்பெனிகள் கழிக்கும் பழைய பவர் மெஷின், அதாவது தொழிற்சாலைத் தையல் இயந்திரம் ஒன்றை வாங்கலாம். நாங்கள் 14,000 ரூபாய்க்கு வாங்கி, மேசையும் மோட்டாரும் சரிசெய்ய 2,500 ரூபாய் செலவிட்டோம். வாங்குவதற்கு முன் நம் துணியையே கொண்டுபோய் நான்கு அடுக்காக மடித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் தரும் மெல்லிய துண்டில் எந்த இயந்திரமும் நன்றாகத்தான் ஓடும்.

ஊசி முறிந்தால் முறிந்த துண்டுகளைத் தேடியெடுத்து, முழு ஊசியின் நீளம் சேர்கிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளின் வழக்கம் இது. குழந்தைகள் பயன்படுத்தும் பொருளில் அரை அங்குல ஊசி முனை கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் இது மிகை என்று தோன்றாது. பழைய உடைகளில் குண்டூசி இருக்கும். பெரிய காந்தம் ஒன்றை மூட்டையின் மேல் ஓட்டுங்கள். துணி பிரிக்கும்போது பறக்கும் பஞ்சுத்தூசுக்கு முகக்கவசம் வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு அடியில் மூட்டை அடுக்காதீர்கள்.

8. ஆர்டர் வாங்கும்போது

வாய்ச்சொல்லில் ஆர்டர் எடுக்காதீர்கள். அளவு, எண்ணிக்கை, விலை, நாள், முன்பணம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் என்ற வரியையும் தவறாமல் சேருங்கள். அந்த வரி இல்லாததால் 60 பைகளை ஒருவர் திருப்பி அனுப்பினார். எல்லாம் நீல நிறத்தில் வரும் என்று அவர் நினைத்திருக்கிறார், நாங்களும் சொல்லவில்லை. இரண்டு மாதிரிகளில் அவர் கையொப்பம் வாங்கி, ஒன்றை அவரிடமும் மற்றதை நம்மிடமும் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரர்கள் இதை அப்ரூவல் சாம்பிள் என்பார்கள். முன்பணம் பாதி, நூலும் பேருந்துச் செலவும் அதிலிருந்துதான் போகும்.

9. எந்த மாதத்தில் எதைச் செய்வது

எங்களுக்கு நிலையாக வரும் ஆர்டர் தாம்பூலப் பை. தை மாதம் தொடங்கிப் பங்குனி வரையிலும், பின்பு வைகாசி, ஆவணியிலும் கல்யாண ஆர்டர் வரும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் ஏறக்குறைய எதுவும் வராது. அந்த மாதங்களில் பிரித்து, துவைத்து, வெட்டி அடுக்கி வைத்துவிட்டால் முகூர்த்த மாதத்தில் தையல் மட்டும் பாக்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்த துணி காயாமல் பூஞ்சை பிடித்துவிடும். துவைக்கும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன், ஏப்ரலிலேயே பென்சில் உறைகளை எடுத்துக்கொண்டு கடைகளுக்குப் போக வேண்டும்.

தாம்பூலப் பைக்கு உடுத்திய துணியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். சுபகாரியத்துக்குப் புதுத் துணியின் வெட்டுத் துண்டுதான் என்று பெண் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லி, மூட்டையையும் காட்டிவிடுங்கள். கறுப்புத் துண்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். போன தை மாதம் ஒரு பையின் உட்புறத்தில் இரண்டு அங்குலக் கறுப்புத் துண்டு வந்துவிட்டதென்று மணப்பெண்ணின் பாட்டி கண்டுபிடித்துச் சொல்ல, முகூர்த்தத்துக்கு முந்தின இரவு 150 பைகளையும் புரட்டிப் பார்த்து, மேலும் நான்கு பைகளை மாற்றிக் கொடுத்தோம்.